ஓம் என்றேன்

டூங்காபி ரயில் நிலையத்துக்கு எதிரே
கோழிக் கடைக்கும் கணக்காளர் அறைக்கும் நடுவே
என் கிளினிக்.
ஆளுக்குப் பதினைந்து நிமிடம்.
அதில் மூன்று
கார் நிறுத்த இடம் கிடைக்காத கதைக்குப் போய்விடும்.

இருமலுக்கு மருந்து கேட்பவரிடம்
மருந்து தேவையில்லை, தானாகப் போகும் என்பேன்.
நம்பமாட்டார்.
பத்து நாள் கழித்து வந்து
மல்லித்தண்ணியில்தான் போனது என்பார்.
போகட்டும்.

சீனி ஏறிய அம்மாவிடம்
சோற்றைக் குறையுங்கோ என்றால்
"சோறு தொடுறதே இல்லை டொக்டர்,
புட்டு மட்டும்தான்."

நாரி நோவென்று வந்த பெடியனிடம்
படுத்துக் கிடக்காதை, நட, என்றேன்.
அவனுக்கு வேண்டியிருந்தது
திங்கட்கிழமைக்கு ஒரு கடிதம்.

இன்று கடைசி ஆள் தயாபரன்.
பஸ் ஓட்டுகிறார். ஐம்பத்து நான்கு.
முழங்கால் வலி என்று பதிவு.
மடக்கினேன், நீட்டினேன்,
என் முழங்காலைவிட நன்றாக இருந்தது.
எழுந்தார், ஜாக்கெட்டைப் போட்டார்,
கதவுப் பிடியில் கை வைத்தபடி
கம்பளத்தைப் பார்த்துச் சொன்னார்:
"வெளிய போகேக்க கொஞ்சம் ரத்தம் தெரியுது.
மூலம்தான் போல கிடக்கு."

இருங்கோ என்றேன்.
எவ்வளவு நாளாய்?
"பொங்கலுக்குப் பிறகு."
ஜன்னலுக்கு வெளியே ஆடி மாதக் குளிரில்
ஆட்கள் கைகளை ஊதிக்கொண்டு
ரயிலுக்கு நடந்தார்கள்.

தபாலில் ஒரு பெட்டி வந்திருக்குமே, அரசாங்கத்திலிருந்து?
"வந்தது, ரெண்டு தரம்.
எடுத்ததைப் பிரிட்ஜில வைக்கச் சொல்லி எழுதிக் கிடக்கு.
தயிருக்குப் பக்கத்திலயோ, டொக்டர்?
மனிசி பெட்டியோட தூக்கிக்
கராஜில போட்டிட்டா."

சிரித்தார். நானும் சிரித்தேன்.
பிறகு கையுறையை மாட்டினேன்,
இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொன்னேன்.
விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.
விரல் நீளம் அவ்வளவுதான்.

ரத்தம் கண்ட பிறகு பெட்டி போதாது என்றேன்.
கமரா விட்டுப் பார்க்க வேணும்.
முதல் நாள் தெளிந்த தண்ணி மட்டும்,
அன்றிரவு முழுக்கக் கழிப்பறை,
அடுத்த நாள் நல்லதொரு நித்திரை.
மூலமாகவே இருக்கலாம்.
இருந்தால் எனக்கும் சந்தோஷம்,
ஆனால் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படுவோம்.

தலையாட்டினார்.
சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே
பிள்ளையைப் போலக் கேட்டார்:
"நீங்கள் அந்தப் பெட்டி செய்தனீங்களோ?"

ஓம் என்றேன்.

கடிதத்தை அடித்து முடித்தேன்.
அவசரம் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன்.
வரவேற்பு மேசைக்குக் கேட்கும்படி
வெஸ்ட்மீடில் கிடைக்கிற முதல் தேதி என்றேன்.

வீட்டில்
குளியலறை லாச்சியை இழுத்தேன்.
பழைய நகவெட்டி, ஹோட்டல் சவர்க்காரங்கள்,
மகளின் ரப்பர் வளையங்கள்,
அடியில் என் பெயரிட்ட உறை.
பிரிக்காத உறை.
காலாவதி: சென்ற வருடம் மார்ச்.
எனக்கு ஐம்பத்தேழு.
எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்
இதே வாயால்.

காலையில், முதல் நோயாளி வருமுன்,
இலவச எண்ணை அழைத்தேன்.
பியானோ வாசித்துக் காத்திருக்க வைத்தார்கள்.
புதிய பெட்டிக்கு முகவரி கேட்டாள் ஒரு பெண்.
பிறந்த தேதி கேட்டாள்.
ஏதும் அறிகுறி உண்டா என்றாள்.
இல்லை என்றேன்.
உடனே சொன்னேனா,
கொஞ்சம் பிந்திச் சொன்னேனா,
ஞாபகமில்லை.

பத்து வேலை நாளில் வரும்.
தயாபரனுக்குத் தேதி பன்னிரண்டாம் நாள்.
பிரிட்ஜில் கீழ்த் தட்டைக் காலி செய்து
தயிரை மேலே வைத்தேன்.